தென்னைக்கு என்ன வருத்தம்? திருகோணமலை வளவுகளுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று மேலே பாருங்கள். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று எந்தப் பக்கம் போனாலும் ஆடி ஆவணியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஓலை காயுது, என்ன அடிக்கலாம்?" ஓலை வறட்சிக்கும் காயும், உவர்த் தண்ணீருக்கும் காயும், புழுவுக்கும் காயும், கூன்வண்டுக்கும் காயும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்கு உதவாது, சில நேரம் மரத்தையே முடித்துவிடும். அதனால் கீழே நோயின் பெயரை வைத்துப் பிரிக்காமல், கண்ணுக்குத் தெரிகிறதை வைத்துப் பிரித்திருக்கிறேன். பெரும்பாலும் தென்னைதான், கடைசியில் மா, வேம்பு, முருங்கை கொஞ்சம்.

எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியவை

எந்த ஓலை? இதுதான் பாதிப் பதில். தென்னைக்கு நைதரசன், பொட்டாசியம், மக்னீசியம் குறைந்தால் அது அடி ஓலையில் இருப்பதை உருவி மேலே குருத்துக்கு அனுப்பிவிடும், ஆகவே பசி எப்போதும் கீழே இருந்து தெரியும். தண்ணீர்ப் பஞ்சமும் அப்படித்தான், பழைய ஓலையைக் கைவிட்டுப் புதியதைக் காப்பாற்றும். குருத்திலோ நடு ஓலையிலோ கோளாறு தொடங்கினால் அது வேறு கதை: வண்டு, அழுகல், அல்லது போரன் குறைபாடு. போரன் தாவரத்துக்குள் அவ்வளவாக நகராது, அதனால் புது ஓலைதான் கொக்கிபோல் வளைந்தும் ஒட்டிக்கொண்டும் வரும்.

ஒரு மரமா, வளவு முழுக்கவா? ஒரு மரம் மட்டும் என்றால் பூச்சியையோ காயத்தையோ தேடுங்கள். எல்லா மரமும் ஒன்றாக வாடினால் மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்.

எப்போதிருந்து? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாளை வெடித்து, காய் முற்ற 11 அல்லது 12 மாதம் வேண்டும். அந்தப் பாளை குருத்துக்குள் கருவாக உருவாகத் தொடங்கியதோ வெடிப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை மூன்று வருடத்துக்கு முன்பு. எனவே இந்த வருடம் காய் குறைந்தால் இந்த வருடத்தில் குற்றம் தேடிப் பயனில்லை, போன வருடக் கோடை எப்படி இருந்தது, அதற்கு முந்தியது எப்படி என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தென்னைக்கு ஒரே ஒரு குருத்து, அது செத்தால் மரமும் முடிந்தது. பட்டைக்கு அடியில் புதுக் கலங்களை வளர்த்துக் காயத்தை மூடுகிற படை மாமரத்துக்கும் வேம்புக்கும் உண்டு, தென்னைக்குக் கிடையாது. தண்டில் விழுந்த வெட்டு மரம் சாகும்வரை வெட்டுத்தான்.

அடி ஓலைகள் தண்டோடு தொங்குகின்றன, குருத்து நிமிர்ந்து பச்சையாக நிற்கிறது

வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் இப்படி என்றால் பெரும்பாலும் வறட்சி. நம் மாவட்டத்தில் வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் தை வரைதான் பெய்கிறது, அதன் பிறகு மாதக்கணக்காக வெயில், போதாததற்குத் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசுகிற கச்சான் காற்று வேறு. மரம் முதலில் இலைத்துளைகளை மூடித் தண்ணீர் போகாமல் பார்க்கும், அப்படி மூடினால் உணவு தயாரிப்பும் குறையும், அது போதாதபோது அடி ஓலையைக் கழற்றும், பிறகு குரும்பட்டியை, அதாவது இளம் பிஞ்சுகளை, கொட்டும், கடைசியில் வருகிற பாளை சிறுத்து, சில சமயம் மட்டை இடுக்கிலேயே கருகிவிடும். இந்த வரிசையில் மரம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஓலை மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது: அடிமரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஆறடி தூரம்வரை மூடாக்குப் போடுங்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும் பங்கு இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. தேங்காய் உரித்த பொச்சுமட்டையைக் குப்புற அடுக்கலாம், காய்ந்த ஓலையைத் துண்டாக்கிப் பரப்பலாம். இடம் இருந்தால் இரண்டு மரத்துக்கு நடுவில் கிடங்கு வெட்டி, பொச்சின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, இடையிடையே மண் போட்டு மூடுங்கள். மாரிக்கு முன் வெட்டினால் அந்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொடுக்கும், போதாததற்குப் பொச்சில் இருக்கிற பொட்டாசியமும் மெல்ல மெல்ல மண்ணுக்குப் போகும். பொச்சைக் குவித்து எரிக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தண்ணீர் விடும்போது தண்டின் அடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவதில் பயனில்லை, வட்டம் முழுக்க நனைய வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட சில நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது, சுத்த மணல் என்றால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது இரண்டு. காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள், வேர் கருகும். உரத்துக்கு நேரம் மாரி தொடங்கி மண் நனைந்த பிறகு, ஆனால் அடைமழைக்கு முன்பு, ஏனென்றால் நம் மணல் எதையும் பிடித்து வைக்காது. மற்றது, "பாரம் குறையட்டும்" என்று பச்சை ஓலையை வெட்டுவது. ஏற்கெனவே பட்டினி கிடக்கிற மரத்திடம் மிச்சச் சோற்றையும் பறிக்கிற வேலை அது, அந்த வெட்டு வாசத்துக்கு யார் வருவார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குரும்பட்டி கொட்டுகிறது

கொஞ்சம் கொட்டினால் விட்டுவிடுங்கள். நல்ல மரத்திலும் பாளையில் வருகிற பெண் பூக்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மாதத்துக்குள் விழுந்துவிடும், தன்னால் சுமக்க முடிந்ததை மட்டும் மரம் வைத்துக்கொள்ளும். எல்லாமே விழுந்தால் விழுந்த குரும்பட்டி ஒன்றை எடுத்து, தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள்.

தொப்பிக்கு அடியில் சுத்தமாக இருந்தால் தண்ணீர்ப் பஞ்சம், அல்லது சத்துக் குறைவு. தொப்பியின் விளிம்பிலிருந்து வெளிறிய முக்கோணத் திட்டு இறங்கி, பெரிய காய்களில் அது பழுப்பாகி, மரப்பட்டைபோல் வெடித்திருந்தால் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியன், 1997இல் கற்பிட்டிப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், பிறகு உலர்ந்த பகுதிகளில் நன்றாகவே குடியேறிவிட்டது. காய் சிறுக்கும், உரிப்பது கஷ்டம், மரம் சாகாது. உயரமான மரத்துக்கு ஏறி மருந்து அடித்துக் கட்டுப்படியாகாது. விழுந்த குரும்பட்டிகளைப் பொறுக்கி எரித்து, மரத்துக்குத் தண்ணீரும் பொட்டாசியமும் சரியாகக் கொடுத்தால் சேதம் தாங்கக்கூடிய அளவில் நிற்கும்.

காயில் வட்டமாகக் கொறித்த ஓட்டை என்றால் எலி அல்லது அணில். பிய்த்து எறிந்த மாதிரி என்றால் குரங்கு. அதற்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

விரிகிற ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டு

காண்டாமிருக வண்டு. ஓலை குருத்துக்குள் மடிந்து இருக்கும்போது வண்டு குறுக்கே துளைத்துப் போகிறது, அந்த ஓலை விரியும்போது வெட்டு இரு பக்கமும் ஒரே அளவாகத் தெரிகிறது. அதாவது நீங்கள் இன்றைக்குப் பார்ப்பது பழைய காயம். வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று அறியக் குருத்தடியில் பாருங்கள், ஈரமான சக்கை வெளியே தள்ளியிருந்தால் ஆள் வீட்டில்தான். முனை வளைத்த கம்பியால் குத்தி இழுத்து எடுக்கலாம், மரத்தைத் துளைத்துவிடாமல்.

இளங்கன்றுக்கு மட்டை இடுக்குகளில் மூன்று நான்கு நப்தலின் உருண்டை வைத்து மணலால் மூடுவது எளிய வழி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து போடுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

ஆனால் வண்டு பிறக்கிற இடம் மரம் இல்லை. உங்கள் எருக்குவியலும், வேலியோரம் உக்கிக் கிடக்கிற தென்னங்குற்றியும்தான். எருவைக் கிளறுங்கள், வெள்ளையாக, பருத்து, வளைந்த புழு கிடைத்தால் கோழிக்குப் போடுங்கள். பக்கத்து வளவில் குற்றி கிடந்தால் அவர்களோடும் பேச வேண்டும், வேறு வழியில்லை.

தண்டில் ஓட்டை, செம்பழுப்புச் சாறு வடிகிறது, நடு ஓலை வாடுகிறது

இதற்குத் தாமதிக்காதீர்கள். சிவப்புக் கூன்வண்டு. மூன்று வயது முதல் பத்து வயதுவரை உள்ள மரங்கள்தான் அதிகம் போகும், நட்டு வளர்த்து முதல் பாளை கண்ட நேரத்தில் போவதால் வயிற்றெரிச்சலும் அதிகம். புழு முழுக்கத் தண்டுக்குள்ளேயே வாழ்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. தண்டில் காதை வைத்துக் கேளுங்கள், உள்ளே நிறையப் புழு இருந்தால் மெல்லுகிற சத்தம் கேட்கும். ஓட்டையில் மென்ற நார் தள்ளியிருக்கும், புளித்த நாற்றம் வரும். வட்டு, அதாவது மரத்தின் ஓலை உச்சி, சரிந்த பிறகு செய்ய எதுவும் இல்லை.

இந்த வண்டால் நல்ல மரத்தின் கடினமான தண்டைத் துளைக்க முடியாது, அது காயத்தைத் தேடி வந்து முட்டை இடுகிறது. காண்டாமிருக வண்டு போட்ட துளை, மரம் ஏறுகிறவர் கால் வைக்க வெட்டிய படி, கொடி கட்ட அடித்த ஆணி, தண்டோடு ஒட்ட வெட்டிய பச்சை மட்டை, புல் வெட்டும் இயந்திரம் அடியில் உரசிய இடம் எல்லாமே அதற்குக் கதவு. ஒன்று திறக்க, மற்றது நுழைகிறது. வெளிநாட்டு மரங்களிலும் இதே கதைதான்: பீச் (beech) என்கிற மரத்தில் முதலில் ஒரு செதில்பூச்சி பட்டையை உறிஞ்சிப் பொத்தலாக்குகிறது, அந்த வழியால் பூசணம் உள்ளே போய் மரத்தைச் சாய்க்கிறது, பூச்சி தனியாக வந்தால் பல மரங்கள் தாங்கிவிடும்.

பச்சை மட்டை வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள், புழு அந்த அடிமட்டை வழியாகத் தண்டுக்குப் போவது கடினம். காயத்தைத் தார் பூசி மூடுங்கள். ஆரம்ப நிலை என்றால் மற்ற ஓட்டைகளை அடைத்து மேல் ஓட்டை வழியாக மருந்து செலுத்திக் காப்பாற்ற முடியும், ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பதைத் தெங்கு பயிர்ச்செய்கை சபை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து வேண்டாம். அந்தக் காயை நீங்கள்தான் திருவிச் சம்பல் அரைக்கப் போகிறீர்கள்.

வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கிற ஈர்ப்புப் பொறி வாங்கினால் தென்னைக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். அது தூரத்து வண்டையும் அழைக்கும், வந்ததெல்லாம் பொறிக்குள் விழும் என்று இல்லை.

ஓலையின் மேல் கரி பூசியதுபோல் கருப்பு

ஓலையைத் திருப்புங்கள். அடியில் வெள்ளைப் பஞ்சுபோல், சுருள் சுருளாக இருந்தால் வெள்ளை ஈ. கடந்த சில வருடமாக இலங்கையின் பல மாவட்டங்களில் தென்னைக்கு இதுதான் பெரிய தலைவலி. அது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழே விடுகிறது, கீழ் ஓலையில் விழுந்த அந்த இனிப்பில் வளர்கிற பூசணம்தான் கருப்பு. பூசணக்கொல்லி அடித்தால் காசுதான் கரையும்.

கைக்கு எட்டுகிற மரத்துக்குச் சவுக்காரத் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கமாக வேகமாக அடியுங்கள், வெயில் ஏறுவதற்கு முன். பக்கத்தில் இருக்கிற வாழை, கொய்யாவையும் சேர்த்து, ஏனென்றால் அதற்கு அங்கேயும் வீடு இருக்கிறது. கடுமையான பூச்சிமருந்தை மட்டும் தவிருங்கள், வெள்ளை ஈக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற பொடிக் குளவிகள் முதலில் சாகும், ஈ பிறகு முன்னைவிடக் கூடும். உயர்ந்த மரங்களுக்கு மாரிதான் வைத்தியர். பெரிய மழை கழுவிவிடும், முதிர்ந்த தென்னை இதனால் சாவது அரிது.

தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு நெருப்புப் பட்டதுபோல் இருக்கிறது

வறட்சி என்று எழுதிவிடாமல் ஒரு அடி ஓலையை வெட்டி அடிப்பக்கம் பாருங்கள். நூலும் எச்சமும் கலந்த ஒடுங்கிய சுரங்கங்கள், ஈர்க்கோடு சேர்ந்து நீளமாக, பச்சை சுரண்டப்பட்டு இருந்தால் கருந்தலைப் புழு. கிழக்குக் கரையில் வறண்ட மாதங்களில் தலைகாட்டுகிற பழைய எதிரி. மோசமான அடி ஓலைகளை, மேலே சொன்னபடி அடிமட்டை விட்டு, வெட்டி உடனே எரியுங்கள். இந்தப் புழுவுக்கென்று ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்துத் தோப்பில் விடுகிற முறை உண்டு, லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்துவந்திருக்கிறது. ஒரு வளவுக்காக வரமாட்டார்கள், அயலவர்கள் சேர்ந்து கேளுங்கள்.

சுரங்கம் இல்லை, ஓலைக்கண்ணியின் நுனியும் விளிம்பும் மட்டும் கருகியிருக்கிறது என்றால் பொட்டாசியக் குறைவு, அல்லது உவர்.

உவரா என்று எப்படித் தெரியும்

கடற்கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் ஓயாமல் ஓடினால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறும், உங்கள் கிணறு இறைக்காவிட்டாலும் பக்கத்தில் இறைத்தால் போதும். ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால், தேநீர் ருசி மாறினால் சந்தேகப்படுங்கள். தென்னை உவரை ஓரளவு தாங்கும், 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் மற்ற மரங்கள் கருகி நின்றபோது தென்னைகள் பிழைத்து நின்றதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். பப்பாசி, தேசி, மா தாங்காது. ஆகவே தேசியின் இலை நுனி கருகி உதிரும்போது தென்னையின் அடி ஓலையும் கருகுகிறது என்றால் தண்ணீர்தான் பிரச்சினை. இந்த நிலையில் உரம் கூட்டுவது உப்பின் மேல் உப்பு. இறைப்பதைக் குறைத்து, மூடாக்குப் போட்டு, மாரி மழை வளவுக்குள்ளேயே இறங்கும்படி வரம்பு கட்டிவிடுங்கள், மழைதான் அந்த உப்பைக் கழுவும்.

அடி ஓலை மஞ்சள், ஆனால் நிழலில் இருக்கும் பகுதி பச்சை

மக்னீசியக் குறைவு. வெயில் படுகிற பக்கம் செம்மஞ்சளாகி, மேல் ஓலை மறைத்த இடம் பச்சையாகவே நிற்கும். டொலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக் கல் தூள்) போடுங்கள், மற்ற உரத்தோடு ஒரே நேரத்தில் கலக்காமல் சில வாரம் விட்டு. பலன் பழைய ஓலையில் தெரியாது, புதிதாக வருகிறவை பச்சையாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும், மாதம் ஒரு ஓலை கணக்கில் வருவதால் பொறுமை வேண்டும். மாரியில் தண்ணீர் கட்டி நிற்கிற பள்ளத்தில் எல்லா ஓலையும் வெளிறினால் அது உரம் கேட்கவில்லை, வேர் மூச்சு முட்டுகிறது, வாய்க்கால் வெட்டுங்கள்.

குருத்து இழுத்தால் கையோடு வருகிறது, நாற்றம்

மாரியில் வருகிற குருத்தழுகல். குருத்தோலை மட்டும் வாடிய நிலையில் பிடித்தால் அழுகியதை நல்ல பகுதிவரை சீவி எடுத்து, போர்டோப் பசை (செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்தது) பூசி, மழை படாமல் மூடலாம். அடி எல்லாம் கூழாகிவிட்டால் விடுங்கள்.

ஐப்பசியில் பெரிய இடி மின்னலுக்குப் பிறகு அருகருகே நிற்கிற சில மரங்கள் ஒன்றாக வாடினால் மின்னல் விழுந்திருக்கிறது. நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம்.

மா, வேம்பு, முருங்கை

கிளை உள்ள மரங்கள் வேறு விதமாகப் பேசும். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும், அதே நேரம் தண்டிலும் பெரிய கிளையிலும் திடீரென்று கொத்தாகத் தளிர் விடும். அந்தத் தளிரைப் பார்த்து "மரம் தேறிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறார்கள், உண்மையில் மேலே தண்ணீர் அனுப்ப முடியாமல் மரம் கீழே புது இலை போட்டுச் சமாளிக்கிறது. காரணம் பெரும்பாலும் வேரில்: மதில் அத்திவாரம், வீதிக்கு வடிகால், முற்றத்துக்குச் சீமெந்து. வேர் வெட்டிய அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ நுனி காயும். காய்ந்ததை நல்ல மரம்வரை வெட்டி, தளிர்களில் சிலதை வைத்து, சீமெந்தை உடைக்க முடிந்த இடத்தில் உடைத்துவிடுங்கள்.

மாவில் பூக்கும் நேரம் பூங்கொத்து கருகி இலை கறுத்தால் தத்துப்பூச்சி, மேலே சொன்ன அதே இனிப்பு, அதே பூசணம். உட்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால் பாதி குறையும். வேம்பு மாசி பங்குனியில் இலை கொட்டினால் அது வழக்கம், பேசாமல் இருங்கள். முருங்கைத் தண்டில் மயிர்க்கொட்டி அப்பிக் கிடந்தால் பகலில் கூட்டமாக இருக்கும்போதே பந்தம் கட்டிச் சுட்டுவிடலாம், மரம் கருகாமல், சட்டை போட்டுக்கொண்டு.

மரம் போய்விட்டது என்று முடிவானால்

வட்டு சரிந்த தென்னையை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். கூன்வண்டுப் புழு உள்ளே வண்டாகி வெளியே வரும், உக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை போடும், பக்கத்து மரத்துக்கு இரண்டு எதிரியும் ஒரே குற்றியிலிருந்து. தறித்து, வட்டுப் பகுதியைப் பிளந்து எரியுங்கள், அடிக்குற்றியையும் தோண்டி எடுங்கள்.

புதுக் கன்று வாங்கும்போது தென் மாகாணப் பக்கமிருந்து யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2006இல் வெலிகமப் பகுதியில் கண்டுபிடித்த ஓலை வாடல் நோய்க்கு மருந்து கிடையாது, அதனால் அந்தப் பகுதித் தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. தென்னைக்குத் தெங்கு பயிர்ச்செய்கை சபை, மற்ற மரங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம். பேசுவதற்கு முன் முழு மரம், அடி ஓலையின் அடிப்பக்கம், குருத்து, தண்டின் அடி நான்கையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்களும் முதலில் கேட்பது எந்த ஓலை என்றுதான்.